திரைக்குத் தெரியாத பாட்டு

எமல்டா அழுதுகொண்டிருந்த நேரத்தில்தான் அவளுடைய சிநேகிதி மிரேய் வந்து அவள்மேல் இடறி விழுந்தாள்.

நல்ல பட்டப்பகல். ஹோட்டல் சமையலறையின் பின்பக்கம், வெங்காய மூட்டைகள் அடுக்கியிருக்கும் இடம். எமல்டா ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அன்று அவளுடைய மகள் சுவேந்தியின் பிறந்தநாள். மற்ற நாட்களில் எப்படியோ சமாளித்துவிடுவாள். அந்த ஒரு நாள் மட்டும் சமாளிக்க முடியாது.

மிரேய் வாசலில் நின்று, "எமல்டா, நீ எங்கே இருக்கிறாய்?" என்று கூப்பிட்டாள். அவளை நேரே பார்த்துக்கொண்டுதான் கூப்பிட்டாள். எமல்டா வாயைப் பொத்திய கையை எடுக்கவில்லை. சரி, இவளும் மற்றவர்களைப்போல அழுகிறவளைக் கண்டால் கண்டுகொள்ளாமல் போகிற ஜாதிதான் என்று நினைத்தாள். ஆனால் மிரேய் போகவில்லை. நடந்து வந்தாள். நேராக வந்து முழங்கால் இடித்து அவள் மடியில் தொப்பென்று விழுந்தாள். கையில் வைத்திருந்த கேக் துண்டு எமல்டாவின் தலையில் அப்பிக்கொண்டது.

எமல்டாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்ததும் மிரேய் பேயைக் கண்டவள்போலப் பின்வாங்கினாள்.

"நீ எப்பொழுது இங்கே வந்தாய்?" என்று கேட்டாள்.

மிரேயின் தமிழ் அப்படித்தான் இருக்கும். ஓரா தீவில் நாலைந்து தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழர்களின் வழியில் பிறந்தவள். சனிக்கிழமைகளில் கோயில் வகுப்பில் பாடப்புத்தகத்தை வைத்துப் படித்த தமிழ். ஒரு சொல் விடாமல் முழுசாக உச்சரிப்பாள். மேடையில் நின்று பேசுவதுபோல இருக்கிறதென்று எமல்டா கேலி செய்வாள். வயதில் மூத்தவளை ஏன் 'நீ' என்கிறாய் என்று ஒருமுறை கேட்டதற்கு, சாமியையே பாட்டில் 'நீ' என்றுதானே கூப்பிடுகிறோம், உனக்கு அதைவிட மரியாதை வேண்டுமா என்று மிரேய் திருப்பிக் கேட்டாள். 

அந்த ஹோட்டலின் கீழ்த்தளத்திலேயே கண்வில்லைக் கடை ஒன்று இருந்தது. விருந்தாளிகளின் கண்ணுக்கு வில்லை பொருத்துவதும் பழுது பார்ப்பதும் மிரேயின் வேலை. தீவில் எல்லோரும் வில்லை அணிந்திருந்தார்கள். தெருப் பெயர், கடை விலை, எதிரே வருகிறவரின் பெயர் எல்லாம் கண்ணுக்குள்ளேயே எழுதிக் காட்டும். காதுக்குள்ளும் சின்னதாக ஒன்று. எமல்டா போன்ற அகதிகள் சிலருக்குத்தான் இல்லை. கடலில் கிடந்த நாட்களில் வெயிலும் உப்பும் அவள் கருவிழியைப் பொரித்துவிட்டிருந்தன. அந்தக் கண்ணில் வில்லை நிற்காதென்று மிரேயே சோதித்துச் சொன்னாள். அப்படித்தான் இருவருக்கும் பழக்கமானது.

"நான் முதலே இஞ்சதான் இருந்தனான்," என்றாள் எமல்டா, தலையிலிருந்து கேக்கை வழித்தபடி. "அழுதுகொண்டிருந்தனான். நீ என்னைக் காணேல்லையோ?"

மிரேயின் முகம் மாறியது. பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தாள்.

"அது திரையின் வேலை," என்றாள்.

திரை என்று ஒன்று இருப்பது எமல்டாவுக்குத் தெரியும். சண்டைச் செய்திகளையும் பஞ்சப் படங்களையும் கண்ணில் படாமல் மறைக்கிற ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தாள். அது பக்கத்தில் இருக்கிற ஆளையும் மறைக்கும் என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல யாருக்குத் தெரியும்? காணாத ஒன்றைக் காணவில்லை என்று எவருக்கும் தெரியாதல்லவா.

கெட்டவர்கள் யாரும் அதைச் செய்யவில்லை என்று மிரேய் விளக்கினாள். உலகத்தில் பாதிப் பேர் வீடு விட்டு ஓடிக்கொண்டிருந்த காலம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடாரமும் வள்ளமும் செத்த பிள்ளைகளும். மற்றப் பாதிப் பேர் அதையே பார்த்துப் பார்த்து நித்திரை இல்லாமல் போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாப்பிட மறுத்தார்கள். அப்பொழுது ஒரு மருத்துவர், நல்ல மனிதர், நோயாளிகளுக்கென்று அதைச் செய்தார். பிறகு எல்லா வில்லையிலும் அது தானாகவே வந்தது. மிரேய்க்கு அண்ணன் ஒருவன் இருந்தான். தெருவில் அவள் கண்முன்னே அடிபட்டுச் செத்தான். ஒரு மாதம் படுக்கையை விட்டு எழாமல் கிடந்தவளை அந்தத் திரைதான் எழுப்பி வேலைக்கு அனுப்பியது.

"அது எனக்கு மருந்து," என்றாள். "பாவம் என்று சொல்லாதே."

"நான் பாவம் எண்டு சொல்லேல்ல. அதுக்கு எப்படித் தெரியும், நான் அழுகிறன் எண்டு?"

"முகத்தைப் பார்க்கிறது. வாய் கோணுவது, புருவம் சுருங்குவது, கை நீட்டிக் கெஞ்சுவது, உதவி கேட்டுக் கத்துவது. இவற்றை எல்லாம் அதற்குக் கற்பித்திருக்கிறார்கள். கண்டவுடன் அந்த இடத்தில் பின்னால் இருப்பதை வரைந்துவிடும். சுவர் என்றால் சுவர். கடல் என்றால் கடல்."

"அழுதா அழிச்சுப்போடும்," என்றாள் எமல்டா.

 கடல் என்றால் கடல். அந்தச் சொல் அவளைப் பிடித்துக்கொண்டது.

அவள் ஊரான மன்னாரில் முதலில் போனது தண்ணீர். கடல் ஏறி வந்து கிணறுகளை உப்பாக்கியது. தண்ணீர் இருந்த இடங்களுக்காகப் பிறகு சண்டை வந்தது. எமல்டாவும் அவள் புருஷன் சூசையும் ஏழு வயது சுவேந்தியும் வேறு பலரோடு ஒரு வள்ளத்தில் ஏறினார்கள். நடுக்கடலில் இயந்திரம் நின்றது. கப்பல்கள் போகிற பாதைதான் அது. ஒவ்வொரு கப்பலாக வந்தது, போனது. இவர்கள் சட்டையைக் கழற்றி வீசினார்கள். பெண்கள் பிள்ளைகளைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்கள். கத்திக் கத்திக் குரல் போனது.

ஒரு கப்பல் மிகவும் கிட்ட வந்தது. மேல்தட்டில் ஒருவன் நின்று ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான். அவன் சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. சுவேந்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த சூசையை அவன் நேருக்கு நேர் பார்த்தான். ஆப்பிளின் நடுத்தண்டைத் தண்ணீரில் எறிந்தான். திரும்பிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு சூசை கை அசைக்கவே இல்லை. "பாத்தான் எமல்டா. பாத்துப்போட்டுத்தான் போறான்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். பிள்ளை போனாள். பின்னாலேயே அவனும் போனான். தாகம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அந்தப் பார்வைதான் என்று எமல்டாவுக்குத் தெரியும். வில்லை வாங்க வசதியில்லாத ஏழை மீனவர் சிலர் கடைசியில் அவர்களைக் கண்டு கரைசேர்த்தபோது, அந்த மூன்றுபேர்க் குடும்பத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம். அந்த ஆப்பிள்காரனை அவள் மறக்கவில்லை. வேறு யாரையும் அப்படி வெறுத்ததும் இல்லை.

"கப்பல்காரருக்கும் இந்தத் திரை இருக்குமோ?" என்று மிரேயைக் கேட்டாள்.

வேலை நேரத்தில் கழற்ற வேண்டும் என்பது விதி, யார் கழற்றுகிறார்கள் என்றாள் மிரேய். ஏன் கேட்கிறாய் என்றாள். எமல்டா வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். வெங்காயம் உரிக்கும்போது வருகிற கண்ணீரைத் திரை என்ன செய்யும் என்று மட்டும் போகிற போக்கில் கேட்டாள். முகம் கோணாததால் அதை விட்டுவிடும் என்றாள் மிரேய். பிறகு இருவரும் சிரித்தார்கள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அந்த வள்ளம் வந்தது.

பாத்திரம் கழுவுகிற பெண் ஒருத்திதான் முதலில் கண்டாள். அவளும் அகதி, வேறு தேசத்தவள், வில்லை இல்லாதவள். எமல்டாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். ஹோட்டலின் முன்னால் வெள்ளை மணல், குடைகள், சாய்வு நாற்காலிகள், குளிக்கிற பிள்ளைகள். அவர்களுக்கு நேரே, அலை உடைகிற பவளப்பாறைத் திட்டுக்கு வெளிப்பக்கம், ஒரு நீல வள்ளம் அலைந்துகொண்டிருந்தது. அதில் நிறைய ஆட்கள். துணி வீசினார்கள். ஒரு பெண் எதையோ தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். கரையில் நூறு பேராவது இருந்திருப்பார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஒரு பெரியவர் வள்ளம் இருந்த திசையையே பார்த்தபடி, கடல் எவ்வளவு அழகு என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று எமல்டா வள்ளத்தில் இருந்தாள். இப்போது அவள் கரையில் நிற்கிறாள்.

துறைமுக அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கிருந்தவர் கொஞ்சம் தமிழ் தெரிந்தவர், மரியாதையாகத்தான் பேசினார். தீவின் குடிமக்கள் யாராவது கண்ணால் கண்டதாகச் சொன்னால்தான் இழுவைப் படகு புறப்படும், அதுதான் சட்டம் என்றார். அகதிகள் தங்கள் ஆட்களை வரவழைக்கப் பொய் சொல்கிறார்கள் என்று யாரோ ஒருகாலத்தில் முறைப்பாடு செய்ததால் அவர்கள் சொல் செல்லாது. எமல்டா அவரை ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவரும் நேர்மையாகவே எட்டிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லையே அம்மா என்றார். அவர் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. அவளுக்கு மூளை பிசகிவிட்டதென்று நினைத்திருப்பார்.

சின்னப் படகுகளால் அந்தத் திட்டைத் தாண்ட முடியாது. இழுவைப் படகால்தான் முடியும். மாலையில் நீரோட்டம் திரும்பும். திரும்பினால் வள்ளம் வெளிக்கடலுக்குப் போய்விடும். அதற்கப்பால் நாட்கணக்கில் கரையே இல்லை.

சமையலறைச் சுவரில் வோக்கி என்கிற கம்பியில்லாப் பேச்சுக் கருவி ஒன்று தொங்கும். காலையில் மீன் படகுகளோடு பேசி மீன் எடுக்க வைத்திருப்பது. எமல்டா அதைப் பிடுங்கிக்கொண்டு, கடைக்குப் போய் மிரேயையும் இழுத்துக்கொண்டு கடற்கரைக்கு வந்தாள். வில்லையைக் கழற்று என்றாள். நினைத்தவுடன் கழற்ற முடியாது, மருத்துவர் எழுதித் தரவேண்டும், உரிப்பதற்கே ஒரு வாரம் ஆகும், அவசரப்பட்டுப் பிடுங்கினால் கண் போய்விடும் என்றாள் மிரேய்.

"அங்கே எனக்கு ஒன்றும் தெரியவில்லை, எமல்டா. நீ சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் கண்டதாக நான் பொய் சொன்னால், என் வில்லையில் பதிவாகியிருப்பதைப் பார்ப்பார்கள். நான் கண்டால்தான் அது செல்லும்."

எமல்டா வோக்கியில் ஒவ்வோர் அலைவரிசையாகத் திருப்பித் திருப்பிக் கூப்பிட்டாள். தமிழில்தான் கூப்பிட்டாள், அவளுக்கு வேறு பாஷை வாயில் வரவில்லை. கரகரப்பு. பிறகு ஓர் ஆண்குரல்.

"யாருகா அது? தமிழ்ல கதைக்கிறது யாரு?"

மட்டக்களப்புப் பேச்சு. வள்ளத்திலும் ஒரு வோக்கி இருந்திருக்கிறது. அவன் பெயர் சதானந்தன். கல்லடிப் பக்கத்து ஆட்கள், ஊரையே கடல் கொண்டுபோன பிறகு புறப்பட்டவர்கள். தண்ணீர் முடிந்துவிட்டது. விடியற்காலையில் ஒரு பையன் செத்துப்போனான். கரையில் சனம் குளிப்பது எங்களுக்குத் தெரிகிறதே, எங்களைக் காணவில்லையா, கை ஆட்டி ஆட்டிக் கை உளைகிறதே என்றான்.

"தம்பி, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. கை ஆட்டுறதை நிப்பாட்டுங்கோ. பிள்ளையளைத் தூக்கிக் காட்டாதேங்கோ. ஒருத்தரும் கத்த வேண்டாம். நீங்கள் கத்தக் கத்தத்தான் இவையளின்ர கண்ணில இருந்து மறைஞ்சு போறீங்கள்."

"என்ன சொல்றீங்க?"

"சிரியுங்கோ. பாட்டுப் படிச்சு ஆடுங்கோ. கலியாண வீட்டில நிக்கிற மாதிரி நில்லுங்கோ. அப்பதான் தெரிவீங்கள்."

 அவன் மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, இஞ்ச ஒரு பிள்ளை செத்துக் கிடக்கான். தாய்க்காரி மடியில வெச்சிருக்கா. சிரிக்கச் சொல்றீங்க."

 என்னுடையதும் அப்படித்தான் போனது என்றாள் எமல்டா. நாங்கள் கத்தினோம், ஒருவரும் காணவில்லை என்றாள். நீரோட்டம் திரும்பப் போகிறது என்றாள். அவன் யோசித்தான். சரி, சொல்லிப் பார்க்கிறேன் என்றான்.

அவர்கள் முயன்றார்கள்.  நாலைந்து ஆண்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரு பெண்பிள்ளை கைகளை விரித்துச் சுற்றினாள். யாரோ ஒரு சினிமாப் பாட்டைத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். மிரேய் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். தண்ணீரில் ஏதோ மின்னியது, நீலமாக ஒன்று, இப்போது இல்லை என்றாள். மறுபடியும் மின்னியது, மறுபடியும் இல்லை என்றாள். உதடு சிரித்தாலும் கண் சிரிக்கவில்லை என்பதைக் கண்டுபிடிக்க அந்தத் திரைக்குக் கற்பித்திருந்தார்கள். அதை ஏமாற்ற முடியவில்லை.

சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. வள்ளத்தின் மூக்கு மெதுவாக வெளிக்கடல் பக்கம் திரும்பத் தொடங்கியது.

வோக்கியில் சதானந்தனின் குரல் வந்தது. களைத்துப்போன குரல். "யோகம்மா துவங்கிட்டா, அக்கா. அந்தப் பிள்ளைட தாய். காலையில இருந்து கல்லு மாதிரி இருந்தவ. இனி நிப்பாட்ட ஏலா. மத்தப் பொம்புளைகளும் போய்ச் சேந்திட்டாங்க. மன்னிச்சிக்கங்க."

அவன் விரலை எடுக்க மறந்துவிட்டான். வோக்கி திறந்தபடியே இருந்தது. அதன் வழியாக ஒரு பெண்ணின் குரல் வந்தது. அடிவயிற்றிலிருந்து எழுந்து, இழுத்து, வளைந்து, விழுந்து, மறுபடியும் எழும்புகிற குரல்.

"தண்ணிக்கு மேல தவமிருந்த எம்மகனே – ஒனக்குத்
தாகத்துக்கு ஒரு மடக்குத் தண்ணியில்லாப் போச்சுதையா
கரையக் கண்டு கண்திறந்து பாக்காம – ஒன்னக்
கடலம்மா மடியிலதான் கண்வளத்த வந்தேனோ..."

எமல்டா கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்துவிட்டதென்று நினைத்தாள். ஒப்பாரி. இதற்குமேல் துக்கம் என்று உலகத்தில் என்ன இருக்கிறது. திரை இனி அந்த வள்ளத்தை அடியோடு துடைத்துவிடும்.

மிரேய் அவள் தோளைத் தொட்டாள்.

"யார் பாடுகிறார்கள்?" என்று கேட்டாள்.

எமல்டா கண்ணைத் திறந்தாள்.

"அழகாக இருக்கிறது," என்றாள் மிரேய். அவள் முகம் கடலைப் பார்த்து நின்றது. கண்கள் ஓரிடத்தில் குத்திட்டு நின்றன. "அங்கே ஒரு படகு இருக்கிறது. நீல நிறப் படகு. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். எமல்டா, எவ்வளவு பேர்."

அழுகை என்றால் முகம் கோணும், மூச்சு உடையும், சொல் சிதறும் என்று திரைக்குக் கற்பித்தவர்கள் நினைத்திருந்தார்கள். அவர்கள் தேசத்தில் அப்படித்தான் அழுவார்கள். தாளம் தப்பாமல், எதுகை மோனை வைத்து, இராகத்தோடு, வரிசையாகத் தோள்பிடித்து அசைந்து அழுகிற சனம் ஒன்று உண்டு என்று யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. திரை கேட்டது, பார்த்தது. பாட்டு என்றது. ஆட்டம் என்றது. வழிவிட்டது.

எமல்டாவுக்கு அது விளங்கியபோது மிரேய் பக்கத்தில் இல்லை. வோக்கியைப் பறித்துக்கொண்டு மணலில் ஓடிக்கொண்டிருந்தாள். மாலை நேரத்தில் விருந்தாளிகளுக்காக வாத்தியம் வாசிக்கிற சின்ன மேடை ஒன்று அங்கே இருந்தது. கிட்டார்க்காரனை ஒரு பக்கம் தள்ளிவிட்டு மைக்குக்கு முன்னால் வோக்கியைப் பிடித்தாள்.

யோகம்மாவின் குரல் கடற்கரை முழுக்க நிறைந்தது.

நாற்காலிகளில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பிள்ளைகள் தண்ணீரில் அப்படியே நின்றார்கள். கடல் அழகைப் புகழ்ந்த அந்தப் பெரியவர் எழுந்து நின்று கையை நீட்டினார். மனைவியிடம் ஏதோ சொன்னார். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், ஒவ்வொருவராகக் கண்டார்கள். அந்தப் படகு ஏன் திட்டுக்கு வெளியே நிற்கிறது, அதற்கு இயந்திரம் இல்லையா, யாரும் ஏன் போகவில்லை என்று கேள்விகள் எழும்பின. துறைமுக அலுவலகத்துக்கு அன்று மாலை வந்த அழைப்புகளை எடுத்து மாளவில்லை என்று பிறகு சொன்னார்கள். எல்லோரும் தீவின் குடிமக்கள் அல்லர். ஆனால் மிரேய் குடிமகள். ஹோட்டல் முதலாளி குடிமகன். ஐஸ்கிரீம் விற்கிறவர் குடிமகன். அது போதுமாயிருந்தது.

இழுவைப் படகு சங்கு ஊதிக்கொண்டு புறப்பட்டது.

பாதி வழியில் யோகம்மாவின் குரல் கட்டிக்கொண்டது. மிரேய் மேடையில் நின்றபடி, மங்குகிறது, மங்குகிறது என்று கத்தினாள். இழுவைப் படகு வேகம் குறைத்துத் தடுமாறியது. அதை ஓட்டுகிறவனுக்கும் கடல் வெறுமையாகிக்கொண்டிருந்திருக்கும். எமல்டா மேடைக்கு ஓடி வோக்கியை வாங்கினாள். நிப்பாட்டாதேங்கோ, ஆளுக்கு ஆள் பிடித்துக்கொள்ளுங்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வேறொன்று வந்தது.

சூசைக்கும் சுவேந்திக்கும் அவள் ஒப்பாரி சொன்னதே இல்லை. கடலில் நாக்கு வரண்டு கிடந்தது. கரைக்கு வந்த பிறகு, அழுதால் காணாமல் போகிற ஊரில் யார் முன்னால் அழுவது. அத்தனை காலமும் அடிவயிற்றில் கிடந்தது, சூசையை வீட்டில் கூப்பிடுகிற 'இஞ்சேரப்பா'வோடு, அன்று இராகத்தோடு எழும்பி வந்தது.

"ஆழிக் கடலில என்னை ஆரிட்ட விட்டீரோ – இஞ்சேரப்பா
ஆப்பிள் தின்ட அந்த ஆளை நினைச்சு வேகாதேங்கோ
பாத்துப்போட்டுப் போகேல்லை, பாவி அவன் காணேல்லை – இஞ்சேரப்பா
கண்ணிருந்தும் குருடனெண்டு கண்டு வந்து சொல்லுறனே..."

வள்ளத்தில் வேறொரு பெண் அதைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் ஒருவர் இருந்தார். அவளுக்குப் பிறகு இன்னொருத்தி. அந்த வள்ளத்தில் அழுவதற்கு ஆளில்லாதவர் எவரும் இல்லை. ஒரு கட்டத்தில் சதானந்தனும் சேர்ந்தான், ஆண்கள் சொல்வதில்லை என்றாலும். இழுவைப் படகு கயிறு வீசியபோதும், திட்டைத் தாண்டியபோதும், இருட்டும் முன்னே துறைமேடையைத் தொட்டபோதும் பாட்டு ஓயவில்லை. கரையில் சனம் தண்ணீரும் போர்வையும் வைத்துக்கொண்டு காத்திருந்தது. சிலர் ஏனென்று தெரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

யோகம்மாவின் மகனை மறுநாள் தீவின் இடுகாட்டில் புதைத்தார்கள். கடல் அழகைப் புகழ்ந்த பெரியவரும் வந்து மண் போட்டார்.

சில வாரம் கழித்துத் திரை நிறுவனத்திலிருந்து மூன்று பேர் விமானத்தில் வந்தார்கள். நல்ல துணி, நல்ல பேச்சு. அதற்குள் அந்தப் பாட்டு வேறு கடல்களுக்கும் போயிருந்தது. வேறு வேறு தேசத்துப் பெண்கள் தங்கள் தங்கள் பாஷையில் செத்தவர்களைப் பாடி அழுகிற இராகங்களை எடுத்துக்கொண்டு கடலில் நின்றார்கள். கப்பல்கள் அவர்களை நோக்கித் திரும்பின. எங்கேயோ ஒரு பிழை இருக்கிறது, என்ன என்று பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறோம் என்றார்கள் அந்த மூவர். ஹோட்டலில் ஓர் அறையில் எமல்டாவை உட்காரவைத்தார்கள். மொழிபெயர்க்க மிரேய். ஒரு வாரமாக அவள் வேலைக்கு வரவில்லை. கண்ணில் ஏதோ கோளாறு என்று கடையில் சொன்னார்கள். இப்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

அது என்ன வகைப் பாட்டு என்பதுதான் அவர்களின் ஒரே கேள்வி. எந்த வகை என்று தெரிந்தால் திரைக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

எமல்டா தரையைப் பார்த்தாள். பொய் சொல்லலாம் என்று முதல்நாளே யோசித்து வைத்திருந்தாள். ஆனால், சூசைக்கும் சுவேந்திக்கும் சொன்ன ஒரே ஒப்பாரியை வேறு பெயர் சொல்லி மறுக்க அவளால் முடியவில்லை.

"அது செத்தவைக்குப் படிக்கிறது," என்றாள். "ஒப்பாரி. என்ர பிள்ளைக்கும் மனுசனுக்கும் நான் அழுதது."

சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது. முகம் கோணிவிட்டது.

மிரேய் அவர்கள் பக்கம் திரும்பி நிதானமாகப் பேசினாள். எமல்டாவுக்குத் தீவின் பாஷை அவ்வளவு தெரியாது. ஆனால் சமையலறைக்கு வருமுன் அவள் அறைகள் சுத்தம் செய்தவள். அறைக் கதவுகளில் தொங்குகிற அட்டையில் 'குழந்தை தூங்குகிறது' என்று எழுதியிருக்கும். அந்த இரண்டு சொற்களும் மிரேயின் வாயிலிருந்து வந்தன. குழந்தை. தூக்கம். மூவரும் தலையாட்டினார்கள். தாலாட்டு என்று எழுதிக்கொண்டார்கள். தாலாட்டை மறைக்க எந்தத் திரைக்கும் காரணம் இல்லை.

அவர்களில் மூத்தவர் நன்றி சொல்லத் திரும்பினார். திரும்பியவர் வெறும் நாற்காலியைக் கண்டு குழம்பிப்போய் அறையைச் சுற்றிப் பார்த்தார். அந்த அம்மா எங்கே போய்விட்டார் என்று கேட்டார்.

மிரேய் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். வில்லை உரித்த கண்கள் இரண்டும் செக்கச்செவேல் என்று இருந்தன. அவள் தேடவில்லை, தடவவில்லை. நேராக வந்து, எமல்டாவின் கன்னத்தில் வழிந்ததைத் தன் கைக்குட்டையால் ஒற்றினாள்.

"அழாதே என்று நான் சொல்ல மாட்டேன்," என்றாள், அந்தப் பாடப்புத்தகத் தமிழில், ஒரு சொல் விடாமல். "ஆறுதலாக அழு. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."